கனடா போனால் பென்ஷன் நிற்குமா?

கேள்வி: தபால் துறையில் ஓய்வு பெற்றவள். மகனோடு கனடாவில் சூப்பர் விசாவில் (பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குத் தரும் விசா) இரண்டு ஆண்டு இருக்கப் போகிறேன். பென்ஷன், வைத்தியம் என்னாகும்?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: பென்ஷன் நிற்காதும்மா, தைரியமாகப் போங்கள். வங்கியில் பென்ஷன் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன், நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று போகாவிட்டால்தான் சிக்கல். டொரண்டோ, வான்கூவர் இந்தியத் துணைத் தூதரகங்களில் கையெழுத்து வாங்கி வங்கிக்கு அனுப்பலாம். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே தரலாம்.

எனக்குக் கவலை வைத்தியத்தில்தான். சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருட மருத்துவக் காப்பீடு கட்டாயம். இரண்டாம் வருடத்துக்கும் புதுப்பிக்க மகனிடம் இப்போதே சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் காப்பீட்டு விண்ணப்பத்தில் தயவுசெய்து மறைக்காதீர்கள், கிளெய்ம் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம், ஊரில் மருத்துவ பாலிசி இருந்தால் அதன் பிரீமியத்தையும் விடாமல் கட்டுங்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காது) மறுபடி தொடங்கும்.