கயிறு தெரிந்த பிறகும் உலகம் ஏன் மறையவில்லை?

மங்கிய வெளிச்சத்தில் பாம்பாகத் தெரிந்தது கயிறு என்று தெரிந்ததும் பாம்பு போய்விடுகிறது, பிரம்மம் ஒன்றே உண்மை, உலகம் வெறும் தோற்றம் என்கிற அத்வைதப் பாடம் கேட்டுப் புரிந்த பிறகும் உலகம் அப்படியே இருக்கிறதே, என் புரிதலே தவறோ என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. கயிற்றுப் பாம்பை மட்டும் பிடித்துக்கொண்டு யோசிப்பதால் வருகிற குழப்பம் இது. மயக்கத்தில் இரண்டு வகை உண்டு. உபாதி என்றால் மயக்கத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் புறக்காரணம். நிருபாதிகம், அதாவது உபாதி இல்லாமல் வருவது, கயிற்றுப் பாம்பு போல, உண்மை தெரிந்தவுடன் மறையும். சோபாதிகம், அதாவது உபாதியோடு வருவது, தெரிந்தாலும் தோன்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் கடலூர்க்காரர், மே மாத மதியத்தில் புதுச்சேரி சாலையில் பார்த்திருப்பீர்கள், தூரத்தில் தார் மேல் தண்ணீர் பளபளக்கும், எதிரே வரும் பஸ்கூட அதில் தலைகீழாகத் தெரியும், கானல் என்று தெரிந்துதான் ஓட்டுகிறோம், அதற்காக அது மறைவதில்லை. உலகமும் அந்த வகை. ஞானம் தோற்றத்தை அழிக்காது, அந்தத் தோற்றம் உண்மை என்ற முடிவைத்தான் நீக்கும்.

அப்புறம் ஒன்று. அத்வைத ஆசாரியரான சங்கரர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தின், அதாவது உரையின், முன்னுரையில் உலகம் மறைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 'நான் பருமன், நான் இளைத்தவன், நான் குருடன்' என்று உடலின், புலன்களின் தன்மையை நம் மேல் ஏற்றிக்கொள்கிறோமே, அந்த அத்யாசத்தைத்தான் அவித்யை, அதாவது அறியாமை, என்கிறார். அது உங்களிடம் தளர்கிறதா என்று பாருங்கள். அந்த முன்னுரை சில பக்கங்கள்தான், உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.