கொழும்பில் நனைத்து ஒட்டும் முத்திரை: அழைப்பிதழ் உறைக்கு

தங்கச்சி, சிங்கப்பூரில் பின்தாளை உரித்து முத்திரை ஒட்டிப் பழகிய உங்களுக்கு, கொழும்பில் கல்யாண அழைப்பிதழ் அனுப்புவது பெரிய வேலையாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முத்திரை கோணலாகிறது, ஓரம் சுருண்டு எழும்புகிறது, வாங்கி வைத்த தாள்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரிலிருந்து இங்கே வந்து குடியேறுகிறவர்களின் கைக்கு இது புதுசு. உரித்து ஒட்டுவதற்கு அழுத்தம் போதும். பின்பக்கத்துக் காய்ந்த பசையை நனைத்து ஒட்டும் இந்த முத்திரைக்குத் தண்ணீரின் அளவும் சில விநாடிப் பொறுமையும் வேண்டும்.

முத்திரை வாங்குவதற்கு முன் ஒரு அழைப்பிதழை முழுதாகத் தயார் செய்து, உறையோடு தபாலகத்தில் நிறுக்கக் கொடுங்கள். 2022 ஆகஸ்ட் 15 இல் சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் ஆரம்பக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. அது 20 கிராம் வரைக்கும்தான்; தடித்த அட்டை அழைப்பிதழ் சுலபமாக அதைத் தாண்டிவிடும். அன்றைய கட்டணத்தைக் கவுண்டரிலேயே கேட்டு, முடிந்தவரை பெரிய பெறுமதி முத்திரையாகக் கேளுங்கள். உறைக்கு ஒன்று போதுமென்றால் வேலை பாதியாகக் குறையும். சில்லறைப் பெறுமதிதான் கிடைக்கிறது என்றால் ஒவ்வொன்றாகக் கிழிக்காதீர்கள். நான்கு ஒட்டவேண்டிய இடத்தில் இரண்டுக்கு இரண்டாக ஒரே துண்டாகப் பிரித்தெடுங்கள். நான்கு தடவை நேர் பார்ப்பதற்கு ஒரே தடவை பார்த்தால் போதும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற ஆபத்தும் இல்லை. ஏறி மறைந்த முத்திரையின் பெறுமதியை எண்ணாமல் விட இடமுண்டு.

கிழிப்பதிலும் முறை இருக்கிறது. ஓட்டை வரிசையில் ஒரு தடவை முன்பக்கமாக, ஒரு தடவை பின்பக்கமாக மடித்து நகத்தால் நீவுங்கள். பிறகு மேசை விளிம்பில் வைத்து மெல்லப் பிரித்தால் முத்திரை ஓரத்துப் பல் முறியாமல் வரும். (இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வந்தபோது ஓட்டை வரிசையே கிடையாது, கத்தரிக்கோல்தான்.) தாளின் ஓரத்தில் வரும் வெற்றுப் பட்டியை எறியாதீர்கள். அதன் பின்னாலும் பசை இருக்கும். எவ்வளவு ஈரம் சரி என்று பார்க்க அதுதான் நல்ல சோதனைத் துண்டு.

இனி ஈரம். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி இங்கேதான். தட்டையான கிண்ணத்தில் ஸ்பொஞ்சை வைத்து, அதன் பாதி உயரம் வரை தண்ணீர் விடுங்கள். ஊறியதும் மிச்சத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். விரலால் தொட்டால் விரல் ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. முத்திரைத் துண்டின் பசைப்பக்கத்தை அதில் வைத்து ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் பசை ஸ்பொஞ்சிலேயே தங்கிவிடும். மறுநாள் ஓரம் எழும்புவது பெரும்பாலும் அதனால்தான். நனைந்த பக்கம் விரிவதால் துண்டு உடனே சுருளப் பார்க்கும். மூன்று நான்கு விநாடி கையிலேயே வைத்திருங்கள், தாள் தளர்ந்து நேராகும். அவசரப்பட்டு அழுத்தினால் நடுவில் கொப்புளம் விழும்.

நேராக வைக்க ஒரு அட்டை செய்துகொள்ளலாம். பழைய அட்டையை L வடிவ மூலைமட்டம் போல ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, உறையின் மேல் ஓரத்தோடும் வலது ஓரத்தோடும் பொருந்த வையுங்கள். உள்மூலையில் முத்திரையின் மூலை உட்கார்ந்தால் எல்லா உறையிலும் ஒரே இடம், ஒரே இடைவெளி. இருத்தியபின் சுத்தமான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றுங்கள், இழுத்துத் தேய்க்கவேண்டாம். கோணலென்று தெரிந்தால் முதல் சில விநாடிக்குள் நகர்த்தலாம், அதற்குப் பிறகு தொடாதீர்கள். ஒட்டிய உறைகளை உடனே அடுக்கவும் கூடாது. ஓட்டைகள் வழியாகப் பசை கசிந்து மேலுறையின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பரப்பிக் காயவிட்ட பின் அடுக்கி, மேலே ஒரு தடித்த புத்தகம் வைத்தால் தட்டையாக நிற்கும். விலாசத்தை முத்திரைக்கு முன்பே எழுதிவிடுங்கள். நான்கு முத்திரைத் துண்டு ஏறத்தாழ 6 × 8 சென்ரிமீற்றர் இடம் எடுக்கும். யாழ்ப்பாணம் 40000, மட்டக்களப்பு 30000, வெள்ளவத்தை 00600 என்று தபால் குறியீடு வரை எழுத இடம் வேண்டுமே.

உறையையும் பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு உறை தண்ணீரை உறிஞ்சாது, அதனால் இந்தப் பசை அதில் பிடிக்காது. மேலே செலோடேப் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். தபாலகத்தின் திகதிக் குத்து அதன்மேல் பதியாது. அழகான உறையை உள்ளே வைத்து, சாதாரண வெள்ளை உறையொன்றை வெளியே போடுவதே சரி. மஞ்சளும் அப்படியே. நான்கு மூலையிலும் தடவும் வழக்கமென்றால் உள்ளுறையில் தடவுங்கள். வெளியுறையின் வலது மேல்மூலையில் மஞ்சள்தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கடதாசியை அல்ல.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. பசை அதைக் குடித்துத் தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஐப்பசி மழைக்காலத்தில் இன்னும் மோசம். முத்திரைத் தாள்களின் இடையில் மெழுகுக் கடதாசி வைத்து, காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மேலே பாரம் ஏற்றவேண்டாம். ஏற்கனவே ஒட்டிக்கொண்ட தாள்களை வலிந்து பிரிக்காதீர்கள், முகம் கிழிந்தால் செல்லாது. தண்ணீரில் ஊறவிட்டால் தாமாகப் பிரியும். ஒற்றுத்தாளில் காயவைத்து, பின்பக்கம் மெல்லிதாக வெள்ளைப் பசை தடவி ஒட்டுங்கள்.

சிங்கப்பூரில் மிஞ்சிய முத்திரைப் புத்தகம் கையில் இருந்தால், அங்குள்ள மாமா வீட்டுக்கு அனுப்புகிற கடிதத்தில்கூட இங்கிருந்து ஒட்டமுடியாது. இலங்கை முத்திரைதான் வேண்டும். வெளிநாட்டு உறைகளைத் தனியாகப் பிரித்துக் கவுண்டரிலேயே கொடுத்துவிடுங்கள். ஒட்டிய முத்திரை கட்டணத்துக்குப் போதாவிட்டால் அங்கேயே சொல்வார்கள், கூடுதல் முத்திரைக்கு முதல் துண்டின் இடதுபக்கம் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.