புதுநன்மை எந்தக் கோயிலில்?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கேரளத்தின் கீழைக் கத்தோலிக்கத் திருச்சபையான சீரோ மலபாரைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். மகள் இந்த ஆண்டு முதன்முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள், அதாவது புதுநன்மை. வீட்டில் மலையாளத்தில்தான் செபிக்க வேண்டும், தமிழில் செபமாலை சொன்னால் குழந்தை குழம்பிப்போவாள் என்கிறார் மாமியார். மகளோ, "அம்மா, நான் உங்க கோயிலா, அப்பா கோயிலா?" என்று கேட்கிறாள். கணவர் எதிலும் தலையிடுவதில்லை. என் தாய்வீட்டுப் பங்கில் வைத்துப் புதுநன்மை கொடுத்து, மகளை என் முறைக்கே மாற்றிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சித்தூர் வட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் மகளின் புதுநன்மை அவளுடைய அப்பாவின் பங்கிலேயே நடக்கட்டும். இதை மாமியாருக்கு விட்டுக்கொடுப்பதாக நீங்கள் எண்ண வேண்டாம். குழந்தை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவள் என்பது அவளுடைய ஞானஸ்நானத்தின்போதே முடிவாகிவிட்டது. 1991 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பின்படி, தாய் தந்தை இருவரும் கத்தோலிக்கராக இருக்கும்போது பதினான்கு வயது நிறையாத குழந்தை தந்தையின் திருச்சபையைச் சேரும். பெற்றோர் இருவரும் மனமொத்துக் கேட்டிருந்தால் தாயின் திருச்சபையில் சேர்த்திருக்கலாம்; ஆனால் அதற்குரிய நேரம் ஞானஸ்நானம்தான். இப்போது மாற்ற வேண்டுமென்றால் அதற்குத் திருப்பீடத்தின், அதாவது உரோமையின், இசைவு தேவை. உங்கள் தாய்வீட்டுக் கோயிலில் புதுநன்மை வாங்கினாலும் அதனால் அவள் இலத்தீன் முறைக்கு வந்துவிடப்போவதில்லை. வீட்டில் மட்டும் பெரியதொரு மனக்கசப்பு மிஞ்சும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரு முறைக் குடும்பங்கள் பலவும் இதைக் கவனிப்பதில்லை. சீரோ மலபார் முறையில் ஞானஸ்நானத்தோடு உறுதிபூசுதலும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. ஆகவே நாளைக்கு உங்கள் அண்ணன் பிள்ளைகள் உங்கள் ஊர்க் கோயிலில் ஆயர் கையால் உறுதிபூசுதல் பெறும்போது, உங்கள் மகளையும் ஆசையாக வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். ஒரே முறை பெற வேண்டிய அருளடையாளத்தை அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றுவிட்டாள்.

இனி உங்களைப் பற்றி. மணமாகிக் கணவர் வீட்டுக்கு வந்ததாலோ, இத்தனை ஆண்டுகள் அவருடைய பங்கில் குர்பானா (அவர்கள் முறைப் பூசை) கண்டதாலோ நீங்கள் முறை மாறிவிடவில்லை. விரும்பினால் கணவரின் திருச்சபைக்கு மாற மனைவிக்கு உரிமை உண்டு. மாறியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முறைப்படி அறிவித்து நீங்கள் மாறாதவரை, இன்றும் நீங்கள் இலத்தீன் முறையினர்தான். எனவே மகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் விடை சொல்லலாம்: "நீ அப்பாவோட திருச்சபை, நான் தாத்தா பாட்டியோட திருச்சபை, ரெண்டும் கத்தோலிக்கத் திருச்சபைதான், ரெண்டு கோயிலுக்கும் ஒரே திருத்தந்தைதான், எந்தக் கோயில்ல பூசை கண்டாலும் நாம சேர்ந்தே நன்மை வாங்கலாம்." ஒரு திருச்சபை தன் வழிபாட்டு முறையால் மற்றொன்றைவிட மேலானது ஆகிவிடாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட ஏட்டில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. புதுநன்மைக்குத் தயாராகும் வயதில் ஒரு பிள்ளைக்கு இந்த விடை போதும்.

வீட்டுச் செபத்தின் காரியம் வேறு; அதில் உங்கள் மாமியாரோடு என்னால் உடன்பட முடியவில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வளரும் பிள்ளை கடையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, பாட்டி வீட்டில் ஒரு மொழி என்று நாள் முழுக்க மாறி மாறிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். கடவுளிடம் இரண்டு மொழியில் பேசுவதால் அவள் குழம்பப்போவதில்லை. அம்மாவின் செபத்தை மட்டும் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அவள் கவனிப்பாள், அம்மாவின் விசுவாசம் ஒரு படி கீழானது என்றும் முடிவு கட்டிக்கொள்வாள்.

மாமியாரிடம் மரியாதையோடு ஒன்றை நினைவூட்டலாம். அவர் நேசிக்கும் மலையாளக் குர்பானா 1962இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பீடத்தில் ஒலித்தது சுறியானி, அதாவது சிரியாக் மொழி. நம் தமிழ்ப் பங்குகளிலும் அதே பத்தாண்டுகளில்தான் இலத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. குருவானவர் எந்த மொழியில் பூசை வைத்தாலும், உங்கள் மாமியாரின் பாட்டி மாலையில் விளக்கேற்றி முழங்காலிட்டுச் செபித்தது தன் சொந்த மொழியில்தான்; உங்கள் பாட்டியும் அப்படியே. இதை வாதமாக எடுத்து வைக்காமல், மாமியாரின் அம்மா எப்படிச் செபிப்பார் என்று கேட்டுத் தொடங்குங்கள். அந்தத் தலைமுறையினர் இதைச் சொல்லத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார்கள்.

செபமாலையைப் பொறுத்தவரை ஒரு வழி சொல்கிறேன். ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வதுதானே அதன் அமைப்பு? முதல் பத்து மணியை மாமியார் மலையாளத்தில் தொடங்கட்டும். நீங்கள் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று தமிழில் மறுமொழி சொல்லுங்கள். அடுத்த பத்து மணியை நீங்கள் தமிழில் தொடங்குங்கள். அவர்கள் மலையாளத்தில் முடிக்கட்டும். மகள் தன் பங்குக்கு எந்த மொழியில் சொன்னாலும் சரி. முதல் சில நாள் தடுமாறும், பிறகு பழகிவிடும். மறைக்கல்வி வகுப்பில் மலையாளத்தில் மனப்பாடம் செய்யும் மனத்துயர் செபத்தை அவள் உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும், அதன் பொருளை நீங்கள் தமிழில் விளக்குங்கள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் பிள்ளைக்குத் தன் குற்றத்தைச் சொல்லி வருந்தத் தெரிய வேண்டும். அதை அவள் அதிகமாக உங்களிடம்தான் கற்றுக்கொள்வாள்.

ஆண்டின் திருநாள்களையும் விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் 1 முதல் 8 வரை மாமியார் வீட்டில் எட்டு நோன்பு. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் நிறைவது வேளாங்கண்ணித் திருவிழா. இரண்டும் மாதாவின் பிறந்தநாளில்தான் வந்து சேர்கின்றன. தவக்காலத்தில் அவர்களுக்குத் திங்கட்கிழமையே சாம்பல், உங்களுக்குப் புதன்கிழமை. மகள் இரண்டு நாளும் உங்களோடு வரட்டும். பெரிய வியாழன் மாலைக்கான பெசஹா (பாஸ்கா) அப்பத்தை மாமியாரிடமே கற்றுக்கொள்ளுங்கள். அரிசி மாவோடு உளுந்தை அரைத்துச் சேர்த்து, புளிக்கவைக்காமல் ஆவியில் அவித்து, குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக்கி மேலே வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய பால் தனி. குடும்பத் தலைவர் செபித்து அப்பத்தைப் பகிர்ந்து, மூத்தவர் முதல் கடைக்குட்டி வரை வரிசையாகக் கொடுப்பார். அப்போது வாசிக்கும் பாஸ்காப் பகுதியைத் தமிழ் விவிலியத்திலிருந்தும் ஒருமுறை வாசிக்க இடம் கேளுங்கள். அவருடைய சடங்கை நீங்கள் கையேற்றுச் செய்வதைப் பார்த்த பிறகு, அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது ஒரே ஒரு வரிதான்: கணவர் எதிலும் தலையிடுவதில்லை. மாமியாரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அவரைப் பற்றி அதற்குமேல் எழுதவில்லை. மனைவியும் தாயும் எதிரெதிரே நிற்கும்போது பேசாமல் இருப்பவர், தாம் நடுநிலையாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் அதன் பாரம் முழுவதும் உங்கள் தலையில் இறங்குகிறது. குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று அழைத்த அதே வத்திக்கான் சங்கம், பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோர் என்றது. அந்தக் கடமையில் பாதி அவருடையது. அதை அவர் தம் தாயிடமோ உங்களிடமோ ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது.

மாமியார் உடன் இல்லாத நேரம் பார்த்துக் கணவரிடம் பேசுங்கள். குறையாகத் தொடங்க வேண்டாம், மூன்று காரியங்களை மட்டும் கேளுங்கள். இரவுச் செபத்தில் அவர் கட்டாயம் உட்கார வேண்டும், ஒரு பத்து மணியாவது அவர் சொல்ல வேண்டும். தமிழும் இந்த வீட்டின் செபமொழிதான் என்று அவர் தம் வாயால் தம் தாயிடம் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது வழக்காகிவிடும், மகன் சொன்னால் அது குடும்பத்தின் முடிவு. செபம் முடிந்ததும் பிள்ளை கைகூப்பிப் பெரியவர்களுக்கு ஸ்துதி (இயேசுவுக்குப் புகழ் என்னும் வணக்கம்) சொல்லும்போது, பாட்டிக்கும் அப்பாவுக்கும் சொல்வதுபோலவே உங்களுக்கும் சொல்ல அவரே பழக்க வேண்டும். நீங்கள் தமிழிலேயே மறுமொழி சொல்லுங்கள்.

அவர் தயங்கினால், புதுநன்மைக்கு முன் பங்குத்தந்தையை எப்படியும் சந்திக்கத்தானே போகிறீர்கள், இருவரும் சேர்ந்தே போய் இதையும் அவர் முன் வையுங்கள். பாலக்காட்டில் பணியாற்றும் குருக்களுக்கு இரு முறைக் குடும்பங்கள் புதியவை அல்ல. அந்தப் பேச்சு முடியும்வரை, தாய்வீட்டுப் பங்கில் புதுநன்மை என்ற எண்ணத்தை உறவினர் எவரிடமும் சொல்லாதிருங்கள்.