ஆஸ்திரியா கிழக்கு, ஆஸ்திரேலியா தெற்கு: வாசகர் கேள்விகள்

ஐரோப்பிய மொழிகளின் திசைப் பெயர்களைப் பற்றிப் போன முறை நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். கிடைத்த வரிசையிலேயே பதில்.

பிரெஞ்சு லத்தீனின் மகள்தானே? பிறகு ஏன் 'நோர், சூத், எஸ்த், வெஸ்த்' என்று ஆங்கிலம் மாதிரி இருக்கிறது?

கடன் வாங்கியதால். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய ஆங்கிலத்திலிருந்து கடலோடிகள் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனது. அங்கிருந்து ஸ்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம். சொந்தச் சொத்து முழுக்கத் தொலையவில்லை. பிரான்சின் தென்பகுதிக்கு 'மிதி', இத்தாலியின் தென்பகுதிக்கு 'மெத்ஸோஜோர்னோ' என்று இன்றும் பெயர். இரண்டுக்கும் பொருள் நண்பகல். வடக்குக்கு லத்தீனில் 'செப்தென்த்ரியோ', அதாவது ஏழு உழவு மாடுகள். நாம் ஏழு முனிவர்களைப் பார்த்த அதே நட்சத்திரக் கூட்டத்தில் ரோமானியர் மாடுகளைப் பார்த்தார்கள்.

ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா இரண்டும் ஒரே சொல்லா?

வேர் ஒன்று, திசை வேறு. ஆஸ்திரியா என்பது ஜெர்மன் பெயரின் லத்தீன் உடுப்பு. 996ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் 'ஓஸ்தாரீஹி' என்று வருகிறது, கிழக்குப் புலம் என்று பொருள். ஆஸ்திரேலியா, லத்தீனில் தென்காற்றுக்கும் தெற்குக்கும் வழங்கிய 'ஆஸ்தெர்' என்பதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் அடியில் விடியலைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. லத்தீனின் 'அவுரோரா'வும் வேதத்தின் உஷஸும் அதே வீட்டுப் பிள்ளைகள். விடியல் எப்படித் தெற்கானது? இத்தாலி நேராகத் தெற்கே இறங்காமல் தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால் ரோமானியருக்குக் குழம்பியது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் அரை நம்பிக்கைதான்.

ஐரோப்பிய மொழியில் கிழக்குக்கு என்ன சொல்?

'ஐரோப்பிய மொழி' என்று ஒன்று இல்லை. எந்த மொழி என்று எழுதி அனுப்புங்கள்.

போலிஷ் அகராதியில் வடக்குக்கும் நள்ளிரவுக்கும் ஒரே சொல் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. 'புவ்நொத்ஸ்' இரண்டுக்கும் பொது. நண்பகலும் தெற்கும் அதே போல 'பொவுத்னியே'. அந்த ஊர் அட்சரேகையில் உச்சிப்பொழுதில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், எதிர்ப்பக்கம் நள்ளிரவு. உக்ரைனியத்திலும் இதே கணக்கு. உறவே இல்லாத ஹங்கேரியத்திலும் 'தேல்' என்றால் மதியமும் தெற்கும். லித்துவேனியாவில் தெற்குக்குப் பெயர் 'பியெதூஸ்'. மதியச் சாப்பாட்டுக்கும் அதே பெயர். செக் மொழியில் கிழக்குக்கும் 'வெளியே போகும் வழி'க்கும் ஒரே சொல். கதவுக்கு மேலே அந்தப் பலகையைப் பார்த்துக் கிழக்கு வாசல் என்று நான் நம்பிய நாளும் உண்டு.

பின்லாந்தும் எஸ்தோனியாவும் பக்கத்துப் பக்கத்து மொழிகள்தான். ஆனால் பின்னியர் 'எதெலா' என்றால் தெற்கு, எஸ்தோனியர் 'எதெல்' என்றால் தென்மேற்கு. பின்னியருக்கு 'லௌனஸ்' தென்மேற்கு. எஸ்தோனியருக்கு அதன் உடன்பிறப்பான 'லொவ்னா' தெற்கு. இரண்டு கடலோடிகள் வழி கேட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

'நியூஸ்' என்ற சொல் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதல் எழுத்துகளிலிருந்து வந்ததுதானே? என் மகளுக்குப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த வருஷம் இது பத்தாவது கடிதமாவது இருக்கும். இல்லை, இல்லை, இல்லை.

'நியூ' என்றால் புதியது. 'நியூஸ்' என்றால் புதியவை. அவ்வளவுதான். பிரெஞ்சில் 'நூவெல்', லத்தீனில் 'நோவா' என்று ஏற்கெனவே இருந்த பன்மை வழக்கைப் பார்த்து ஆங்கிலம் செய்துகொண்டது. 14, 15ஆம் நூற்றாண்டுகளின் கையெழுத்துப் படிகளில் கடைசி எழுத்துக்கு முன்னால் ஓர் 'இ'யோ 'ஐ'யோ ஒட்டிக்கொண்டு 'நியூயெஸ்', 'நியூயிஸ்' என்று நிற்கிறது. அந்த உபரி எழுத்து எந்தத் திசை? வடமேற்கா, ஆகாயமா? எப்போதும் சொல்வதுதான்: பழைய எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் சொற்பிறப்பு பேசாதீர்கள்.

தலைப்பெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கமே ஏறக்குறைய 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ராணுவமும் அரசுத் துறைகளும் பரப்பியது. 500 வருஷத்துக்கு முந்தைய சொல்லுக்கு யாராவது தலைப்பெழுத்து விளக்கம் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கலாம். ஆடம்பரமானது என்று பொருள்படும் 'பாஷ்' என்ற சொல்லுக்கு 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்', அதாவது கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, வரும்போது வலப்பக்க அறை என்று சொல்லும் கதையும் இதே ரகம். நாலு திசைச் செய்தி என்பதுதான் காரணமென்றால், கிழக்கை 'ஓஸ்த்' என்னும் ஜெர்மானியர் 'நோவ்ஸ்' என்றல்லவா படிக்க வேண்டும்?

ஒரு பள்ளி வினாடி வினாவுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். இதே கேள்வி வந்தது. 'புதியவை' என்று சரியாகச் சொன்ன பையனுக்குப் பூஜ்யம், நாலு திசை சொன்ன அணிக்குப் பத்து மதிப்பெண். நான் எழுந்து மறுத்தேன். "விடைத்தாளில் அப்படித்தான் இருக்கிறது சார்" என்று ஒலிபெருக்கியிலேயே பதில் வந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், தேர்வில் கேட்டாலும் சரியானதையே எழுதட்டும். மதிப்பெண் போனால் எனக்கு எழுதுங்கள்.

'ஈஸ்ட்' என்பது நம் 'ஈசான்ய'த்தின் திரிபு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

ஈசான்யம் வடகிழக்கு. ஒலி ஒத்தால் உறவு ஆகாது என்று எத்தனை முறை எழுதுவது? உண்மையான உறவு வேண்டுமா, 'தட்சிண'த்தைப் பாருங்கள். வலக்கை, தெற்கு என்று அதற்கு இரண்டு பொருள். உதயத்தைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. ஐரிஷின் 'தியஸ்', வெல்ஷின் 'தே' இரண்டும் அதே வேரில் பிறந்து அதே இரண்டு பொருளையும் இன்றும் சுமக்கின்றன.

மலை மேல் என்பதால் மேற்கு, கடல் கீழ் என்பதால் கிழக்கு என்கிறோம். இப்படி நிலத்தை வைத்து அங்கே பெயர் உண்டா?

நல்ல கேள்வி. பழைய நார்ஸ் மொழியில் தென்கிழக்குக்கு 'லாண்ட்சுதுர்', தென்மேற்குக்கு 'ஊட்சுதுர்'. நிலத்தெற்கு, வெளித்தெற்கு. நார்வேயின் மேற்குக் கரையில் நின்றால் கிழக்கே நிலம், மேற்கே வெளிக்கடல், பொருத்தம்தான். அங்கிருந்து ஐஸ்லாந்துக்குக் குடியேறியவர்கள் இந்தச் சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நின்று 'நிலத்தெற்கு' என்று கை நீட்டினால் வெறும் கடல்தான். ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது.

தாத்தாவின் பழைய திசைகாட்டியில் 'ஓ' என்று ஓர் எழுத்து இருக்கிறது. அது கிழக்கா, மேற்கா?

எதிரே என்ன எழுத்து என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். எதிரே 'டபிள்யூ' என்றால் ஜெர்மன் அல்லது டச்சு, உங்கள் 'ஓ' கிழக்கு. எதிரே 'ஈ' என்றால் பிரெஞ்சோ ஸ்பானியமோ இத்தாலியமோ, அது மேற்கு. இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே ஜெர்மன் வானிலையாளர்கள் கிழக்குக்கு 'ஈ' போடுகிறார்கள். எதிரே 'டி' இருந்தால் பழைய இத்தாலியக் காற்றுப்பெயர் அட்டை: 'டி' என்பது மலைக்கு அப்பாலிருந்து வரும் வடகாற்று த்ரமொந்தானா, 'ஓ' என்பது தென்காற்று ஒஸ்த்ரோ. அப்படியானால் கிழக்கில் எழுத்துக்குப் பதில் ஒரு சிறு சிலுவை இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.