வாசகர் கேள்வி – பதில்: மைதானத்துக்குள் பாயும் ரசிகர்கள்

கேள்வி: போட்டி முடிந்ததும் ரசிகர்கள் உள்ளே ஓடிவந்து வீரர்களைச் சூழ்ந்துகொள்ளும் பழைய காட்சிகள் பார்க்க மகிழ்ச்சியாகத்தானே இருக்கின்றன? இதை ஏன் பெரிய குற்றமாகப் பேசுகிறார்கள், ஐயா?

பதில்: 1983இல் லார்ட்ஸில் இந்தியா உலகக் கோப்பையை வென்ற காட்சியை மறுபடியும் பாருங்கள், வீரர்கள் கொண்டாட நிற்காமல், கூட்டம் தங்களை எட்டுவதற்குள் ஓய்வறையை நோக்கி ஓடுவது தெரியும். அதே திடலில் 1975 இறுதிப் போட்டியில், நடுவர் ‘நோ பால்’ அறிவித்ததைக் கவனிக்காத ரசிகர்கள், ஆஸ்திரேலியாவின் கடைசி விக்கெட் விழுந்துவிட்டதென்று எண்ணி உள்ளே பாய்ந்தார்கள். பந்து கூட்டத்துக்குள் தொலைந்துபோக, லில்லியும் தாம்சனும் ஓடி ஓடி ஓட்டம் எடுத்தார்கள். இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் 1982இல் பெர்த்தில் உள்ளே புகுந்த ஒருவரை மடக்கப்போன பந்துவீச்சாளர் டெர்ரி ஆல்டர்மன், தோள்மூட்டு விலகி ஓராண்டுக்கு மேல் ஆட முடியாமல் போனார். 2001இல் லீட்ஸில் கூட்டம் உள்ளே பாய்ந்தபோது மைதான ஊழியர் ஒருவர் பலத்த காயமடைய, பாகிஸ்தானுக்கு இன்னும் சில ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையிலேயே இங்கிலாந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. ஓடிவரும் ஆயிரம் பேரில் வாழ்த்த வருபவர் யார், தாக்க வருபவர் யார் என்று வீரருக்கோ ஊழியருக்கோ எப்படித் தெரியும்?

கேள்வி: அப்படியானால் ஆளுயரத்துக்கு மேல் கம்பி வேலி போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்ததல்லவா?

பதில்: இந்த யோசனை ஏற்கெனவே செயல்படுத்தப்பட்டு, அதற்கு மிகப் பெரிய விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1985 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கால்பந்து மைதானத்தில் மரத்தாலான பழைய பார்வையாளர் மாடம் தீப்பற்றி, சில நிமிடங்களில் முழுவதும் எரிந்தது. பின்புற வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன. 56 பேர் இறந்தார்கள். முன்புறம் வேலி இல்லாததால்தான் பெருந்திரளானவர்கள் திடலுக்குள் குதித்து உயிர் தப்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் வேலி இருந்தது. வெளியே கூட்டம் நெருக்கியதால் காவல்துறை ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட, உள்ளே வந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பி வழிந்த, நின்று பார்ப்பதற்காகக் கம்பிகளால் அடைக்கப்பட்ட நடுப்பகுதிக் கூண்டுகளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கம்பிகளோடு சேர்த்து நசுக்கப்பட்டார்கள். 97 உயிர்கள் போயின.

இதில் என்னை மிகவும் உலுக்குவது வேறொன்று. மூச்சுவிட முடியாமல் வேலியேறிக் குதித்தவர்களைக் கண்டதும், ரசிகர்கள் அத்துமீறி உள்ளே வருகிறார்கள் என்றே காவலர்கள் முதலில் நினைத்தார்கள். அத்துமீறலைத் தடுப்பது ஒன்றையே மனத்தில் கொண்டிருந்தவர்களின் கண்ணுக்கு, உயிர் தப்ப ஓடுகிறவனும் அத்துமீறுகிறவனாகவே தெரிந்தான். 1990இல், ஹில்ஸ்பரோ விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை வெளிவந்த பின்னர், இருக்கைகள் மட்டுமே உள்ள மாடங்கள் முதல்நிலை மைதானங்களில் கட்டாயமாயின. அந்த உயர்ந்த வேலிகளும் மறைந்தன. திடல் என்பது ஆட்டக்காரர்களின் இடம் மட்டுமன்று, ஆபத்து நேரத்தில் பார்வையாளர்களின் வெளியேறும் வழியும் அதுதான். ஆகவே மாடத்துக்கும் திடலுக்கும் இடையே தாழ்வான தடுப்பும், வேண்டும்போது நொடியில் திறக்கக்கூடிய கதவுகளும், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தையே பார்த்து நிற்கும் ஊழியர்களும் இருப்பதே சரியான ஏற்பாடு.

கேள்வி: நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தானே இறக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் இல்லை. நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்து இறப்பவர்களே அதிகம். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. ஏழு பேரை எட்டினால் கூட்டம் நீரைப்போல் அலையடிக்கும், அதற்குள் இருப்பவரால் தம் கால்களை விரும்பிய இடத்தில் ஊன்றக்கூட முடியாது. கழுத்தை நெரிப்பது என்கிறோமே, அதே சொல்லிலிருந்துதான் நெரிசலும் வருகிறது. மிதிபட்டுச் சாவு என்று தலைப்பிடும் செய்திகளைவிட நம் பழைய சொல் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

கேள்வி: தடுப்பை மீறி ரசிகர்கள் உள்ளே வந்தேவிட்டால் காவலர்கள் என்னதான் செய்வது?

பதில்: கண்ணீர்ப்புகை வீசக் கூடாது என்பதில் தொடங்குவோம். 1964இல் பெருவின் லிமாவில், கோல் ஒன்று மறுக்கப்பட்ட கோபத்தில் ரசிகர்கள் உள்ளே இறங்கியபோது மாடங்களை நோக்கிப் புகை வீசப்பட்டது. படிகளில் இறங்கி ஓடியவர்கள் கீழே மூடிக் கிடந்த இரும்புக் கதவுகளில் மோதி நின்றார்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படி 328 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மாலாங் நகரில், சொந்த அணி தோற்றதும் திடலில் இறங்கியவர்களை விரட்டத் தொடங்கிய காவல்துறை மாடங்களை நோக்கியும் புகைக்குண்டு வீச, குறுகிய வாயில்களில் நெருக்குண்டும் மூச்சடைத்தும் 135 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கலைக்கும் வாயுவை மைதானத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று ஃபிஃபாவின் விதிகள் சொல்லியும் இது நடந்தது. உள்ளே வந்தவர்களைச் சற்று நேரம் உள்ளேயே இருக்கவிட்டு, வீரர்களையும் நடுவர்களையும் முதலில் வெளியேற்றி, எல்லா வெளிவாயில்களையும் திறந்து, ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசினால், பெரும்பாலான கூட்டங்கள் களைத்துத் தாமே கலையும். புல்தரை பாழாகும்தான், அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட போட்டிகளில் அனுமதியோ தக்க காரணமோ இன்றித் திடலுக்குள் நுழைவதே குற்றம், வன்முறை நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. ‘தக்க காரணம்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நெருக்குதலிலிருந்து தப்பத் தடுப்பைத் தாண்டுகிறவர் தமக்காக எடுத்துவைக்க வேண்டிய வாதம் அதில்தான் இருக்கிறது.