பிசிஆரில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் புற்றுநோய் மாத்திரையை நிறுத்தலாமா?

பிசிஆர் என்பது ரத்தத்தில் நோயின் மரபணுத் தடயத்தைத் தேடும் சோதனை. கேட்டிருப்பதை வைத்து சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்திருப்பார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் அப்பாவுக்கும் இதேதான். இந்த நோய்க்கான இமாட்டினிப் மாத்திரை, 400 மில்லிகிராம், காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விடிந்தால் கண் இமை உப்பியிருக்கும், ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா, "ரத்தம் சுத்தம்னு வந்திருச்சேண்ணே, இன்னும் எதுக்கு இந்த விஷம்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னது இதுதான்.

ஒன்றுமில்லை என்றால் கருவிக்குத் தென்படவில்லை என்று அர்த்தம். இந்த நோயின் ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற நோய்ச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள், எலும்பு மஜ்ஜைக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன. அங்கே ஆக்சிஜன் குறைவு. பக்கத்துச் செல்கள் சுரக்கும் புரதங்கள் அவற்றைப் பெருகவிடாமல் உறங்கவைக்கின்றன, சாகவும் விடுவதில்லை. இந்த நோயில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி உருவாகும் பிலடெல்பியா குரோமோசோமிலிருந்து வரும் கோளாறான புரதத்தைத்தான் இமாட்டினிப் முடக்குகிறது. பெருகும் செல் அதை நம்பிப் பிழைப்பதால் செத்துப்போகிறது. உறங்கும் ஸ்டெம் செல்லுக்கோ மஜ்ஜையே சோறு போடுகிறது. அந்தப் புரதம் முடங்கினாலும் அது தாக்குப்பிடிக்கும். மருந்தை நிறுத்தினால் அதுவே விழித்துப் பெருகி நோயைத் திரும்பக் கொண்டுவரலாம்.

பிரான்சில், இரண்டு வருடமாவது பிசிஆரில் எதுவும் தென்படாத 100 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியிருந்தது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில். "மீதிப் பேருக்கு வரலையே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். வரவில்லைதான். இன்றைக்கு டாக்டர்களே சிலருக்கு நிறுத்திப் பார்க்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் மாதாமாதம் பிசிஆர் எடுப்பார்கள், நோய் தலைகாட்டினால் உடனே மாத்திரையைத் தொடங்குவார்கள், அநேகருக்கு மறுபடி அடங்கிவிடும். சித்தப்பா சொன்ன நிறுத்தலில் இதெல்லாம் கிடையாது. நான் டாக்டர் இல்லை. வேறு புற்றுநோய்களுக்கு இதை அப்படியே பொருத்தவும் வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் உச்ச நீதிமன்றம் இமாட்டினிப்புக்குக் கேட்ட காப்புரிமையை மறுத்ததால் இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை கட்டுப்படியாகும் விலைக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. எங்கள் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அந்த விலையைக்கூடக் கொடுக்க மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணமாம். வருடா வருடம் பிரீமியத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடும் மாத்திரைக்கும் பிசிஆருக்கும் எங்கள் கைக்காசுதான்.