உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?

கேள்வி: ஐரிஷ்காரர் ராஜர் கேஸ்மென்டை போன இதழ்ல ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தீங்க. பிரிட்டிஷ் அரசாங்கத்துல கான்சலா, அதாவது வெளிநாட்டுத் தூதரக அதிகாரியா, சம்பளம் வாங்கி, சர் பட்டமும் வாங்கிட்டு, முதல் உலகப் போர் நேரத்துல எதிரி ஜெர்மனிக்காரன்கிட்ட போய் நின்ன ஆளு. இது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் இல்லாம வேற என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சாப்பாடு போட்டாங்க, சரி. என்ன வேலை வாங்கிட்டுப் போட்டாங்கன்னு பார்த்தீங்களா? காங்கோ அப்போ பெல்ஜியம் ராஜா லியோபோல்டோட சொந்த சொத்து, பெல்ஜியத்தோடது கூட இல்ல, ராஜாவோடது, நம்மாளு தென்னந்தோப்பு வச்சிருக்கற மாதிரி. சொன்ன அளவு ரப்பர் வரலைன்னா ஊரையே சுடுவாங்க, தோட்டாவை வீணடிக்கலைன்னு கணக்கு காட்ட சிப்பாய்ங்க வெட்டின கையைக் கொண்டுவந்து காட்டணும். 1903ல கேஸ்மென்ட் விசாரிக்கக் கிளம்பினப்போ, காங்கோ அரசாங்கப் படகுல ஏறினா அவன் காட்டறதைத்தான் பார்க்க முடியும்னு மிஷனரிங்க படகை வாடகைக்கு எடுத்துகிட்டு ஆத்துல மேல போயி, கை போன பசங்களை நேர்ல பார்த்து எழுதினாரு. 1904ல அந்த அறிக்கையை லண்டன் வெளியிட்டப்போ பேரையெல்லாம் எடுத்துட்டாங்க, மனுஷன் கொதிச்சுட்டாரு.

அப்புறம் 1910ல அமேசான் காட்டுல புட்டுமாயோ. அங்கயும் ரப்பர்தான், அங்கயும் சாட்டைதான், ஆனா கம்பெனி லண்டன்ல ரிஜிஸ்டர் ஆனது, டைரக்டர்கள்ல இங்கிலீஷ்காரங்களும் உண்டு. பூர்வகுடி ஜனங்க முதுகுல இருந்த தழும்புக்கு முதலாளி பேரை வச்சு ‘அரானா முத்திரை’ன்னே பேரு. இதுக்குத்தான் 1911ல அந்த ‘சர்’. பிச்சை போட்டதில்லைங்க, உழைச்ச கூலி.

ஆனா ஒண்ணு, பட்டம் கிடைச்சதுக்கு வெளியுறவு மந்திரி கிரேவுக்கு ரொம்பப் பணிவா நன்றிக் கடிதம் எழுதினாரு, அதை கோர்ட்டுல படிச்சுக் காட்டி, நீங்க கேட்ட இதே கேள்வியை அரசு வக்கீல் எஃப்.இ. ஸ்மித்தும் கேட்டாரு. யாரு இந்த ஸ்மித்? அயர்லாந்துக்கு சுயாட்சி கொடுத்தா ஆயுதம் எடுப்போம்னு 1914ல ஜெர்மனியிலருந்து துப்பாக்கி இறக்கின, வடக்கு அயர்லாந்து பக்கத்து அல்ஸ்டர் கோஷ்டிக்கு வெளிப்படையா ஆதரவா நின்னவரு. அவர் மேல கேஸ் இல்ல, அட்டர்னி ஜெனரல் பதவி கிடைச்சுது. இதுக்கு என்ன பேர் வைக்கலாம், நீங்களே சொல்லுங்க.

பிரிட்டிஷ் ஆட்சியிலருந்து அயர்லாந்தை விடுவிக்க உதவி கேட்டு கேஸ்மென்ட் ஜெர்மனிக்குப் போனது புத்திசாலித்தனம்னு நான் சொல்லவே மாட்டேன். அங்க கைதியா இருந்த ஐரிஷ் சிப்பாய்ங்களை வச்சு படை கட்டப் பார்த்தாரு, ஆயிரக்கணக்குல இருந்த இடத்துல 60 பேர் கூட தேறலை, கேலிதான் மிச்சம். கடைசியில ஜெர்மன்காரன் உருப்படியா உதவ மாட்டான்னு புரிஞ்சு, அயர்லாந்துல பிரிட்டிஷாருக்கு எதிரா ஏற்பாடாகியிருந்த கலகத்தை நிறுத்தச் சொல்லலாம்னு 1916 ஏப்ரல் 21ல நீர்மூழ்கியில வந்து அயர்லாந்தோட கெர்ரி கரையில இறங்கி, அன்னிக்கே மாட்டிகிட்டாரு. 1351ம் வருஷத்து ராஜதுரோக சட்டத்தைத் தூசி தட்டி, வெளிநாட்டுல பண்ணினது அதுல அடங்குமா அடங்காதான்னு கமா எங்க வருதுன்னு வாக்கியத்தைப் பிரிச்சு மேஞ்சாங்க, ஒரு கமாவுல தூக்குன்னு ஜனங்க பேசிகிட்டது அதனாலதான். ஆகஸ்ட் 3, லண்டன் பென்டன்வில் ஜெயில்ல தூக்கு.

தூக்கு வேண்டாம்னு மனு போட்டவங்க வாயை அடைக்க, அவர் ஆண்களோட உறவு வச்சிருந்ததைச் சொல்ற டைரிப் பக்கங்களை பெரிய மனுஷங்ககிட்ட ரகசியமா காட்டினாங்க. டைரி அவரோடதுதான்னு இன்னிக்குப் பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க, இருக்கட்டுமே, ராஜதுரோகத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

எலும்பைத் திருப்பிக் கொடுக்க 1965 ஆச்சு. அவர் ஆசைப்பட்டது ஆன்ட்ரிம் கடற்கரையில, ஆனா வடக்கு அயர்லாந்துக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்தாங்க, டப்ளின்லதான் புதைச்சாங்க. நீங்க சொல்ற அந்த வீட்டுக்காரங்க கணக்குல அவ்வளவு கறார்.